கோழிகள் கொழுத்ததற்குக் காரணம்

வாங்க டாக்டரம்மா, வாங்க. இப்படி நெழல்ல உக்காருங்க. மொதல்ல இந்தத் தண்ணியைக் குடிங்க, அப்பறம் பேசிக்கலாம். கோழி எங்கயும் ஓடிராது. அதுக இப்ப ஓடற நெலமையிலயும் இல்லைங்க.

வந்ததும் வராததுமா ஒண்ணைக் கையில தூக்கிப் பாத்துட்டு, இது கோழியா ஆட்டுக்குட்டியான்னு கேட்டீங்க. நாயமான கேள்விதானுங்க. வயித்துல கொழுப்புக் கட்டியிருக்குது, அதனாலதான் முட்டை வெக்கலைன்னீங்க. அதுவும் சரி. ஒரு நாளைக்கு எத்தனை தடவை தீனி போடறீங்கன்னு கேட்டப்ப ரெண்டு தடவைன்னு சொன்னேன் பாருங்க, அதுதான் பொய். வக்கீல்கிட்டயும் வைத்தியர்கிட்டயும் மறைக்கக் கூடாதும்பாங்க. ஏழு தடவை ஆகுதுங்க. நேத்து ஒம்போது. ஆனா அதுக்குக் காரணம் நான் இல்லை. என்ற சம்சாரம். அவ இப்ப மாவு மில்லுக்குப் போயிருக்கறா, அதனாலதான் இத்தனை தைரியமாப் பேசறேன்.

என்ற பேரு தெய்வசிகாமணி. அந்தியூர்ல இருந்து பர்கூர் மலையடிவாரம் வரைக்கும் லைன்மேன் சிகாமணின்னா தெரியாத ஆளில்லை. முப்பது வருசம் கம்பம் ஏறி எறங்கி ரிட்டயர் ஆனவன். கம்பத்து உச்சியில கம்பியை முறுக்கிட்டு இருப்பேன், கீழ தெரிஞ்ச ஆளு போனா அங்கிருந்தே "வாங்க"ன்னு சொல்லுவேன். ஒருக்கா அப்படிச் சொல்றப்ப ரெண்டு கையையும் கூப்பினேன், இடுப்புப் பட்டை இருந்ததால பொழைச்சேன். எனக்கு உசுரை விட மருவாதி பெருசுங்க.

இது எங்கப்பன்கிட்ட இருந்து வந்தது. அவரு ஒரு கல்யாணத்துக்குப் போனாரு, என்ற அத்தை வீட்டுக் கல்யாணம். வாசல்ல நின்னவங்க எல்லாரையும் "வாங்க"ன்னு கூப்பிட்டாங்க, இவரை மட்டும் விட்டுட்டாங்க. கூட்டத்துல யாரோ கவனிக்கலை, அவ்வளவுதான். எங்கப்பன் பந்தல்ல கூட உக்காராம திரும்பி வந்துட்டாரு. இருபத்திரண்டு வருசம் அந்த வீட்டு வாசல்ல கால் வெக்கலை. குத்தம் பாத்தா சுத்தம் இல்லைம்பாங்க, எங்கப்பனுக்குச் சொந்தபந்தமே போனாலும் பரவால்லை, குத்தத்தை விட மாட்டாரு. அதைப் பாத்து வளந்தவன் நான். அதனால என்ற வாசலுக்கு வர்ற ஒரு ஆளைக் கூட "வாங்க"ன்னு சொல்லாம விட்டதில்லை. எதுக்குச் சொல்றேன்னா, எம்மேல தப்பில்லைன்னு நீங்க தெரிஞ்சுக்கோணும்.

ரிட்டயர் ஆனப்பறம் இந்த ஒண்ணரை ஏக்கராவுல நாப்பத்தாறு நாட்டுக்கோழி விட்டோம். பொறத்தாண்ட வெள்ளையாத் தெரியுது பாருங்க, பாலிதீன் கூரை போட்ட பாலிஹவுசு, அதுல தக்காளி போட்டோம். திருப்பூர்ல இருக்கற எங்க மக வினோதினி, டவுன்ல கோழியைக் கோழியாப் பாக்காதவங்க நெறையப் பேர் இருக்கறாங்கப்பா, ஞாயித்துக்கிழமை வரச் சொல்லலாம்னா. போன்லயே எல்லாத்தையும் ஏற்பாடு பண்ணுனா. வாரவாரம் ஒரு வேனு வரும். பன்னெண்டு பேரு, பதினாறு பேரு. கோழியைப் பாத்து, பாலிஹவுசுக்குள்ள போயி, மத்தியானம் வாழையிலையில சாப்பிட்டு, பொழுதோட போயிருவாங்க.

கேட்டுல நின்னு வரவேக்கறது என்ற பொறுப்பு. ஒவ்வொருத்தரா வாங்கன்னு சொல்லி, எந்த ஊருங்கன்னு கேட்டு, பிரயாணம் சௌகரியமான்னு விசாரிச்சு, ஒரு சொம்புத் தண்ணி குடுத்துத்தான் உள்ள விடுவேன். கடைசி ஆளு உள்ள வர்றதுக்கு முக்கால் மணி நேரம் ஆயிரும். வெயில்ல நிக்கறவங்க சிலபேரு மொகம் சுளிப்பாங்க. சுளிக்கட்டுமுங்க, நாளைக்கு அந்த மனுசன் கூப்புடலைன்னு ஒருத்தரும் சொல்ல முடியாதில்ல. மத்ததெல்லாம் சம்சாரம் பாத்துக்குவா. மத்ததுன்னா, கோழி, தக்காளி, சமையலு, அவ்வளவுதான்.

அவ பேரு மயிலாத்தா. போன ஆவணியில அவ தம்பி பேரனுக்குப் பேர் வெக்கற விசேசம்னு காங்கேயம் போனா. மூணு நாள் கழிச்சு ஞாயித்துக்கிழமை உச்சி வெயில்ல பஸ்ஸை விட்டு எறங்கி, தலையில பையை வெச்சுட்டு நடந்து வந்திருக்கறா. அன்னைக்குப் பதினாறு பேரு. கேட்டை அடைச்சு நிக்கறாங்க. அவளும் வரிசையில நின்னுட்டா. நான் கவனிச்சனா, கவனிச்சேன். அவளுக்கு முன்னால நின்ன வாத்தியாரை வாங்கன்னேன். அவளுக்குப் பின்னால நின்ன அம்மாவை வாங்கன்னேன். நடுவுல இவ வந்தப்ப, சொம்புல தண்ணி தீந்துருச்சுங்க. அதனால, "சொம்பு காலி, நெறச்சுட்டு வா"ன்னு சொன்னேன்.

அவ பையை எறக்கி வெச்சா. உள்ள போயி சொம்பை நெறச்சுட்டு வந்து எங்கையில குடுத்தா. பையைத் தூக்கித் தலையில வெச்சா. அவ வந்த அதே பஸ்சு மலையடிவாரம் போயித் திரும்பி வர்றதுல ஏறிப் போயிட்டா.

இதுல நான் என்ன தப்புப் பண்ணினேன்னு சொல்லுங்க. வீட்டுக்காரி வெளிய போயிட்டு வந்தா "வா"ன்னு கூப்புடற ஆம்பளையை நீங்க பாத்திருக்கீங்களா? கூப்புட்டா அவ வெளியாளுன்னு ஆயிராதா? நான் கூப்புடாம விட்டதே அவ நம்மாளுங்கறதுக்கு அடையாளம். இதை மககிட்ட போன்ல வெளக்கினேன். "அப்பா, நீங்க நெசமாத்தான் சொல்றீங்களா?"ன்னு கேட்டுட்டு வெச்சுட்டா. அந்தப் புள்ளைக்கு எப்பவும் வேலை அதிகம்.

சரி, நம்மளே பாத்துக்கலாம்னு எறங்கினேன். கோழி வளக்கறது என்ன பெரிய வித்தையா? ஒரு வாரத்துல எனக்கு ஒரு முட்டை கூடக் கெடைக்கலை. கோழி வெக்காம இல்லைங்க, எங்க வெக்குதுன்னு எனக்குத் தெரியலை. அதுகளுக்கும் அவளுக்கும் என்ன ஒப்பந்தமோ. ஒருநாள் மழைக்கோட்டை எடுத்து மாட்டறேன், பாக்கெட்டுல மூணு முட்டை. எந்தக் கோழி எப்பப் போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலை.

தக்காளி அதுக்கு மேல. பாலிஹவுசுக்குள்ள மேல கம்பி இழுத்து, அதுல இருந்து சணல் தொங்கவிட்டிருக்கும். செடி வளர வளர வாராவாரம் அதைச் சணல்ல சுத்தி விடோணுமாமா. எனக்கு யாரு சொன்னா? நான் இத்தனை நாளா வர்றவங்ககிட்ட, செடி தானா ஏறிக்குமுங்க, அதுக்கு அறிவு இருக்குதுன்னு சொல்லிட்டு இருந்தேன். அறிவு இல்லைங்க. ரெண்டே வாரத்துல எல்லாம் பாயிலே படுத்த மாதிரி படுத்துருச்சு. கதவைச் சாத்த மறந்ததுல நாப்பத்தாறு கோழியும் உள்ள பூந்துருச்சு. பழுத்த பழத்தையெல்லாம் கொத்திருச்சு. அந்த நேரம் பாத்து வேனு வந்து நிக்குது.

வந்தவங்களை அனுப்ப முடியுமா? உள்ள கூட்டிட்டுப் போயி, இது கோழியும் தக்காளியும் ஒண்ணா வளக்கற புது முறைங்கன்னு சொல்லிட்டேன். கோழி பூச்சியைத் தின்னும், எச்சம் உரமாகும், செடி படுத்திருக்கறது கோழிக்கு எட்டோணும்கறதுக்காகன்னேன். கோயமுத்தூர்ல இருந்து வந்த ஒருத்தரு நோட்டு எடுத்து எழுதிக்கிட்டாரு. போன மாசம் போன் பண்ணினாரு. அவரு தோட்டத்துலயும் அப்படியே பண்ணி, தக்காளி மொத்தமாப் போயிருச்சாமா. உங்க கோழிக்குப் பயிற்சி போதாதுன்னு சொல்லி வெச்சேன்.

சிரிக்காதீங்க டாக்டரம்மா. நீங்க சிரிக்கறீங்க, எனக்கு அந்த ரெண்டு மாசம் சோறு எறங்கலை. காலையில எந்திரிச்சா வீட்டுல ஒரு சத்தம் இருக்காது. வாரத்துல ஆறு நாளு பேச ஆளில்லை. ஞாயித்துக்கிழமை வந்தவங்களைப் புடிச்சு வெச்சுப் பேசுவேன். பாலிஹவுசுக்குள்ள ஒரு மணி நேரம் பேசினதுல ஒரு அம்மாவுக்கு மயக்கமே வந்துருச்சு. நான் போயி அவளைக் கூட்டிட்டு வந்திருக்கலாம். கெளம்பிப் பஸ் ஸ்டாப்பு வரைக்கும் கூடப் போனேன். அங்க போயி, கோவிச்சுட்டுப் போனவ அவ, நான் எதுக்குப் போகோணும்னு திரும்பிட்டேன். ஒருக்கா இல்லைங்க, நாலுக்கா.

ஐப்பசியில ஒரு வெள்ளிக்கிழமை, மக எப்பவும் போல வர்றவங்க பேரைப் போன்ல அனுப்பி வெச்சா. பதினொண்ணாவது பேரு, மயிலாத்தாள், காங்கேயம், ஒரு ஆள், அசைவம். காங்கேயத்துல எத்தனையோ மயிலாத்தாள் இருப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டேன். இருந்தாலும் அன்னைக்குச் சவரம் பண்ணினேன்.

ஞாயித்துக்கிழமை வேன்ல இருந்து அவதான் எறங்கறா. அரக்குப் பட்டுச் சேலை, கையில ஒரு பை. வரிசையில நிக்கறா. எனக்கு முன்னால வந்து நின்னு என்னையவே பாக்கறா. அவ விருந்தாளியா வந்திருக்கறான்னா நான் விருந்தாளியாத்தான் நடத்துவேன். விடுவனா?

"வாங்க. எந்த ஊருங்க?"ன்னேன்.

"காங்கேயமுங்க."

"பிரயாணமெல்லாம் சௌகரியமுங்களா?"

"சௌகரியந்தானுங்க. சொம்பைப் புளி போட்டு வெளக்கி எத்தனை நாளாச்சுங்க?"

கூட இருந்தவங்களுக்கு ஒண்ணும் புரியலை. நானும் புரியாத மாதிரி அடுத்த ஆளை வாங்கன்னுட்டேன். உள்ள போனா, நாப்பத்தாறு கோழியும் அவ காலைச் சுத்திக்கிச்சு. சேலையைக் கொத்துது, காலு மேல ஏறுது. மானத்தை வாங்கிருச்சுங்க. ஒரு புள்ளை, "அக்கா, உங்களைக் கோழிக்கெல்லாம் தெரியுது போல"ன்னுச்சு. அதுக்கு இவ, "ஆமா கண்ணு, கோழிக்குத் தெரியுது"ன்னா. அந்தப் பதிலைச் சொல்றப்ப என்ற பக்கம் பாக்காமயாவது இருந்திருக்கலாம்.

அப்பறம் கேள்வி மேல கேள்வி. அந்தச் செவலைக் கோழியை எப்ப அடை வெச்சீங்க, எத்தனை குஞ்சு பொரிச்சுது, தக்காளி ஏனுங்க படுத்திருக்குதுன்னு எல்லாத்து முன்னாலயும் கேக்கறா. ஒரு விருந்தாளி கேட்டா பதில் சொல்லித்தானுங்க ஆகோணும். செவலைக்கு அடையில இஷ்டமில்லைன்னு சொன்னேன். தக்காளி ஓய்வெடுக்குதுன்னு சொன்னேன்.

மத்தியானம் எல்லாத்துக்கும் இலை போட்டு நானே பரிமாறினேன். அவளுக்கும் போட்டேன். நெனச்சுப் பாக்கறேன், கல்யாணமாகி முப்பத்தி நாலு வருசத்துல அவ உக்காந்து நான் பரிமாறறது அதுதான் மொதத் தடவை. கொழம்புல உப்பில்லைன்னா. டவுன்காரங்க உப்புக் கம்மியாச் சாப்புடுவாங்கன்னேன். உள்ள போயி ருசி பாத்தேன், நெசமாவே போட மறந்திருக்கறேன். திரும்பி வந்து பாத்தா, கத்திரிக்காயை மட்டும் எடுத்து எலையோரமா ஒதுக்கி வெச்சிருக்கறா. ஏனுங்க, நல்லால்லீங்களான்னு கேட்டேன். எனக்குக் கத்திரிக்காய் ஆகாதுங்க, சின்னதுல இருந்தே அப்படித்தான்னா.

டாக்டரம்மா, எனக்குக் கத்திரிக்காய்னா உசுரு. முப்பத்தி நாலு வருசமா வாரத்துல மூணு நாளு எங்க வீட்டுல கத்திரிக்காய்தான். அவ ஒருநாளும் சொன்னதில்லை. நான் ஒருநாளும் கேட்டதில்லை. கரண்டியைக் கையில வெச்சுட்டு அங்கயே நின்னுட்டேன். பக்கத்து எலைக்காரரு ரசம் ரசம்னு மூணு தடவை கேட்டாராமா.

பொழுதோட, வந்தவங்க கருத்தெழுதற நோட்டுல அவளும் எழுதிட்டு வேன்ல ஏறிப் போயிட்டா. என்ன எழுதியிருந்தாங்கறீங்க? "கோழி நன்று. தக்காளி மோசம். வரவேற்பு நன்று." கையெழுத்தும் போட்டிருந்தா.

அடுத்த வாரமும் வந்தா. அதுக்கடுத்த வாரமும் வந்தா. நானும் விடாம, வாங்க, எந்த ஊருங்கன்னு கேட்டுட்டே இருந்தேன். வெள்ளிக்கிழமை எப்ப வரும், பதினொண்ணாவது பேரு எப்ப வரும்னு போனையே பாத்துட்டு இருப்பேன். அவ வர்ற அன்னைக்கு உப்புப் போட்டேன், சொம்பை வெளக்கினேன், கத்திரிக்காய்க்குப் பதிலா பூசணிக்காய் வெச்சேன். எனக்குப் பூசணிக்காய் ஆகாதுங்க, இருந்தாலும் வெச்சேன். மூணாவது வாரம் பாலிஹவுசுக்குள்ள போனவ, முந்தானையை இழுத்துச் சொருகிட்டுப் படுத்துக் கெடந்த செடியையெல்லாம் தூக்கிச் சணல்ல சுத்த ஆரம்பிச்சுட்டா. மத்தவங்க அதுவும் நிகழ்ச்சியில சேத்தின்னு நெனச்சுட்டு ஆளுக்கொரு வரிசை எடுத்துக் கட்டினாங்க. நல்லாக் கட்டுனாங்க, சும்மா சொல்லக் கூடாது.

அன்னைக்குச் சாயங்காலம் வேன் கெளம்பிப் போச்சு. நான் கேட்டைச் சாத்த வர்றேன், இவ பையோட வெளிய நிக்கறா. வேன்ல ஏறலை. சாத்த வந்த கேட்டைத் தொறந்து விட்டேன். ஆனாலும் வாய் சும்மா இருக்கோணுமில்ல. "ஏன், உள்ள போறதுக்கு வழி தெரியலையா?"ன்னு கேட்டேன்.

"வழி தெரியும். கூப்புட்டா வர்றேன்."

"காலையிலதான் வாங்கன்னு கூப்புட்டனே."

"அது காங்கேயத்துல இருந்து வந்த பொம்பளையை. அவ வேன்ல போயிட்டா."

நான் நிக்கறேன். அவ நிக்கறா. மலைப் பக்கம் வெயில் எறங்குது. கடைசி பஸ்ஸு வர்றதுக்குக் கால் மணி நேரம் இருக்குது. அதுல ஏறிட்டான்னா இனி வேனுலயும் வர மாட்டான்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஊரையே வாங்க வாங்கன்னு கூப்புட்டவன், பதினோராயிரம் வோல்ட்டு லைன்ல கை நடுங்காம வேலை பாத்தவன், எனக்கு அந்த ஒரு வார்த்தை வாயில வர மாட்டேங்குது. தொண்டை வரைக்கும் வருது, திரும்பிப் போயிருது. தூரத்துல பஸ்ஸு சத்தம் கேக்குது. அவ பையை எடுத்துத் தோள்ல போட்டுட்டா.

கேட்டு ஓரத்துல கோழிக்குப் போடற கம்பு டப்பா இருந்துச்சுங்க. அதை எடுத்துக் குலுக்கினேன். கோழியைக் கூப்புடற மாதிரி, பா, பா, பான்னு கூப்புட்டேன். கோழியைப் பாத்துக் கூப்புடலை, ரோட்டைப் பாத்துக் கூப்புட்டேன். நாப்பத்தாறு கோழியும் பொறத்தால இருந்து ஓடி வருது. இவ என்னைப் பாத்தா, கோழியைப் பாத்தா, பையைத் தூக்கிட்டுக் கோழியோட கோழியா உள்ள வந்துட்டா. பஸ்ஸு எங்களைத் தாண்டிப் போச்சு. நான் திரும்பி நின்னு கண்ணைத் தொடச்சுக்கிட்டேன். கம்புத் தூசிங்க. இல்லை, தூசியில்லை, அழுதுட்டேன்.

ஆனா ஒண்ணு தெளிவாச் சொல்லிக்கறேன். நான் கூப்புட்டது கோழியை. அதை அவகிட்ட அன்னைக்கே சொல்லிட்டேன். அவளும் சரின்னுட்டா.

வெவகாரம் அங்க முடிஞ்சிருந்தா உங்களுக்கு இந்த அலைச்சல் இல்லை. மறு நாளு கடைக்குப் போயிட்டு வந்தா. கேட்டுகிட்ட வந்து நின்னுட்டா. உள்ள வர மாட்டேங்கறா. நான் டப்பாவைக் குலுக்கிப் பா பான்னேன், கோழி வந்துச்சு, அவளும் வந்தா. அதுல இருந்து அதுதான் பழக்கம். மாவு மில்லு, மளிகைக்கடை, பக்கத்துத் தோட்டத்துல கருவேப்பிலை, எங்க போனாலும் திரும்பி வந்து கேட்டுல நிப்பா. டப்பாவைச் சும்மா குலுக்கினா கோழி ஏமாந்துரும், ஒரு கை கம்பு போட்டுத்தான் ஆகோணும். நேத்து தீப்பெட்டி வாங்கப் போனா. வந்தா. ஊதுவத்தி மறந்துட்டேன்னு மறுபடியும் போனா. அப்பறம் எதுக்குப் போனான்னே தெரியலை, சும்மா ரோடு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து நின்னா. மொத்தம் ஒம்போது.

நீங்க என்னடான்னா இனி ரெண்டே தடவைங்கறீங்க. இல்லைன்னா கொழுப்பு ஈரலுக்கு ஏறிக் கோழி பட்டு பட்டுன்னு விழுந்துருங்கறீங்க. ரெண்டு தடவைன்னா அவ ரெண்டு தடவைதான் வீட்டுக்குள்ள வர முடியும். இதுக்கு ஊசி, மாத்திரை ஏதாச்சும் இல்லீங்களா? கோழிக்குத்தான் கேக்கறேன்.

அதோ, வந்துட்டா பாருங்க. தலையில மாவு நெறஞ்ச போசி. நின்னுட்டா. சித்த இருங்க, அந்த டப்பாவை இப்படிக் குடுங்க. இந்த ஒரு தடவை மட்டும் விட்டுருங்க, நாளையில இருந்து கொறைச்சுக்கறேன்.

பா... பா... பா... பா...

ஏன், ஒண்ணையும் காணோம்? பா... பா... காலையில இருந்து நாலு தடவை தின்னாச்சுங்க, அதான். அந்தச் செவலையைப் பாருங்க, ஒத்தைக் கண்ணைத் தொறந்து பாத்துட்டு மூடிக்குது. எந்திரி சனியனே. பா... பா... ஒண்ணு கூட அசைய மாட்டேங்குது. இப்ப என்னங்க பண்றது? அவ அங்கயேதான் நிப்பா. பாரம் வேற, வெயில் வேற. டாக்டரம்மா, நீங்க வேணும்னா ஒரு வார்த்தை கூப்புடறீங்களா? இல்லை, வேண்டாம். நீங்க கூப்புட்டா வர மாட்டா.

நீங்க சித்த அந்தப் பக்கம் திரும்பிக்கங்க.

வா, மயிலாத்தா.

கேக்கலைன்னு கையைக் காட்டறா பாருங்க. நல்லாக் கேட்டிருக்கும். கோழி முட்டை வெக்கற சத்தமே கேக்கற காது அது. இன்னொருக்காச் சொல்லோணுமாமா.

வா மயிலாத்தா. உள்ள வா.